வேட்டைக் குணம் மிகுந்த நாயைப் பழக்குவதும் வேறு வீட்டில் சேர்ப்பதும்

மதுரை வட்டாரத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பை ஆகிய நான்கு பெயர்களும் எப்படியும் வந்துவிடும். நான்கும் வேலைக்காக வளர்க்கப்பட்ட இனங்கள். கன்னியும் சிப்பிப்பாறையும் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு, ஓடி மறித்துப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் காட்டுப்பன்றி போன்ற பெரிய விலங்குகளை மறிப்பதற்கும் பயன்பட்டவை. 2017-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி நாட்டு மாடுகளோடு நாட்டு நாய்கள் மீதும் மக்களுக்குப் பற்று கூடியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இந்த இனங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். இன்று மதுரை கே.கே. நகரின் அடுக்குமாடி வீட்டிலும் ஒரு கன்னியைப் பார்க்க முடிகிறது. குட்டியாக இருக்கும்வரை சிக்கல் தெரிவதில்லை. ஒரு வயதை எட்டும் சமயத்தில் அது பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிடுகிறது, அல்லது தெருப்பூனையின் பின்னால் சாலையைக் கடந்து ஓடிவிடுகிறது. அதன் பிறகு அந்த நாய்க்கு நேர்வது பெரும்பாலும் அடி, முழுநேரச் சங்கிலி, அல்லது யாரிடமாவது கைமாற்றம். இந்த மூன்றையும் தவிர்த்து, அந்த நாயைப் பொறுப்போடு பழக்குவதற்கும், வைத்துக்கொள்ளவே இயலாத நிலை வந்தால் பொருத்தமான வீட்டில் சேர்ப்பதற்கும் உரிய வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், துரத்துவதும் கோபமும் ஒன்றல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கோபம் கொண்ட நாய் உறுமும், பல்லைக் காட்டும், எதிரி விலகிப் போவதையே விரும்பும். வேட்டையில் இறங்கும் நாய் உறுமுவதில்லை. அது காண்கிறது, உற்று நோக்குகிறது, பதுங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது. இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் அதற்கு இன்பம் தருவது. எனவே கோழியைக் கொன்ற நாய் கெட்டுப்போன நாய் அன்று. மனிதரிடமும் குழந்தைகளிடமும் அதே நாய் மிகுந்த சாதுவாக இருப்பது வழக்கம்தான். செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிடுவது, அதைக் காட்டிக்காட்டி அடிப்பது போன்ற பழைய தண்டனைகள் பலன் தராததற்கும் இதுவே காரணம். துரத்தும்போது கிடைத்த இன்பம் ஏற்கெனவே மனத்தில் பதிந்துவிட்டது. பின்னால் விழும் அடி, உங்கள் அருகே வருவது ஆபத்து என்பதை மட்டுமே கற்றுக்கொடுக்கிறது. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டைகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வலி வந்த நொடியில் எதிரே ஆட்டுக்குட்டி நின்றால் ஆட்டுக்குட்டியின் மீதும், குழந்தை நின்றால் குழந்தையின் மீதும் அந்த வலியை நாய் ஏற்றிவைத்துக்கொள்ளக்கூடும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் துரத்தல் நின்றுவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவது குறையும், வேண்டாத குட்டிகள் பிறக்காமல் இருக்கும். அவற்றுக்காகவே அதைச் செய்ய வேண்டும்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், விலங்கைக் கொல்வதை மட்டுமன்றி, நாயை ஏவித் துரத்துவதையும் அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. முயல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். நம் வயல்களில் கூட்டமாக மேயும் மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. திருவிழாவை ஒட்டி ஊர் கூடி முயல் வேட்டைக்குப் போவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது என்பதால் இன்று அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022-ஆம் ஆண்டில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேவாங்கும் எறும்புத்தின்னியும் வாழும் அத்தகைய குன்றுகளின் ஓரத்திலும், அழகர்மலை அடிவாரத்திலும், நாகமலைச் சரிவிலும் நாயைக் கயிறில்லாமல் விடவே கூடாது.

பழக்கத்தைத் தொடங்குவதற்கு முன் கழுத்துப்பட்டையைச் சரிபாருங்கள். கன்னியின் தலை அதன் கழுத்தைவிடக் குறுகலானது. கடையில் வாங்கும் சாதாரணப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும், நாய் இரண்டடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தி ஒரு உதறு உதறினால் காது வழியே பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். சாலையோரத்தில் நாய் தொலைந்துபோவதற்கு இந்த ஒரு உதறல் போதும். இரண்டு விரற்கடை அகலமுள்ள மெல்லிய தோல் பட்டையோ, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகிப் பின் தளரும் வளையப் பட்டையோ போட்டு, அதோடு மார்பைச் சுற்றிய ஹார்னஸையும் அணிவித்து, இரண்டிலும் கயிற்றை இணைப்பது பாதுகாப்பானது. பட்டையில் கைபேசி எண் பொறித்த தகடு தொங்க வேண்டும். கோழி, ஆடு இருக்கும் இடங்களுக்குப் போகும் நாய்க்குக் கம்பிக் கூடை வடிவ வாய்மூடியைப் பழக்குவது நல்லது. வாயை இறுகக் கட்டும் துணி மூடி கூடாது, ஏனென்றால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கூடைக்குள் ஈரல் துண்டை வைத்து, நாய் தானாக மூக்கை நுழைக்கும்வரை பல நாட்கள் காத்திருந்து, பிறகே வாரை மாட்ட வேண்டும்.

ஓடப் பிறந்த நாய்க்கு ஓட்டம் கிடைக்காவிட்டால் எந்தப் பயிற்சியும் ஒட்டாது. நாள் முழுவதும் கட்டிப்போட்டு உடற்பயிற்சியே தராமல் வைத்திருப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே குற்றமாகச் சொல்கிறது. சுற்றுச்சுவர் உள்ள தோட்டமோ, வேலியடைத்த காலி மனையோ கிடைத்தால் விடியற்காலையில் அங்கே ஓடவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் ஓட்டம் வேண்டாம்; தார்ச்சாலையில் உள்ளங்கையைச் சில நொடிகள் ஊன்ற முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. நெஞ்சு ஆழமான இந்த நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு என்பதால், வயிறு நிறையச் சோறு வைத்த உடனேயும் ஓடவிடக் கூடாது.

ஓட்டத்தோடு ஒரு விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மூங்கில் கம்பின் நுனியில் ஆறேழு அடிக் கயிறு கட்டி, அதன் முனையில் பழைய துணியைச் சுற்றித் தரையோடு இழுத்தால் நாய் அதை முயலைப் போலத் துரத்தும். விதிகள் உங்களுடையவை: நீங்கள் சொல்லும்வரை அது உட்கார்ந்திருக்க வேண்டும், பிடித்த பின் 'விடு' என்றதும் விட வேண்டும், விட்டால் மறுபடி துரத்தக் கிடைக்கும். துரத்தும் ஆசைக்கு உங்கள் அனுமதியோடு ஒரு வடிகால் இருக்கிறது என்பதையும், அந்த ஆசை பொங்கும்போதே உங்கள் சொல்லைக் கேட்க முடியும் என்பதையும் நாய் இதில்தான் கற்கிறது. மூட்டுகள் முற்றாத குட்டிகளைத் திடீர்த் திருப்பங்களோடு ஓடவைக்காதீர்கள்.

அழைத்தால் வருவது எல்லாவற்றுக்கும் அடிப்படை. நாயின் பெயரை நாம் நாளெல்லாம் எதற்காகவோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். அதனால் பெயருக்கு வலு இருக்காது. திரும்பி வருவதற்கென்று தனியாக ஒரு விசிலோ, 'இந்தா' என்பது போன்ற ஒரு சொல்லோ வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும், சோற்றுத் தட்டு கையில் இருக்கும்போது விசில் அடியுங்கள். அடுத்து முற்றத்தில். அதன் பிறகு அறுவடை முடிந்த வயலில், பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு. ஒவ்வொரு முறை வரும்போதும் வேகவைத்த கோழித்துண்டோ ஆட்டு ஈரலோ உப்பு, காரம் இல்லாமல் கிடைக்க வேண்டும். பொரையும் பிஸ்கட்டும் ஓடும் முயலுக்கு ஈடாகா. ஒருமுறை அடித்த விசிலுக்கு வரவில்லை என்றால் மறுபடி மறுபடி அடிக்காமல், கயிற்றை மெல்லச் சுருட்டி அருகில் கொண்டுவந்து, அடுத்த முறை இன்னும் எளிய இடத்தில் பழக்குங்கள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், என்ன செய்துவிட்டு வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது. முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. விசிலுக்குத் திரும்பாத நாயைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டுவதற்கு முன், அது பார்க்காத பக்கத்திலிருந்து கையைத் தட்டிச் சோதித்து மருத்துவரிடமும் காட்டுங்கள். கேளாத நாயைக் கைச்சைகையால் அருமையாகப் பழக்கலாம்.

இனி, கோழியும் ஆடும் எதிரே இருக்கும்போது நாயை நிதானமாக வைத்திருக்கும் பயிற்சி. இங்கே தூரம்தான் ஆசிரியர். துரத்தத் துடிக்கும் நாயை ஆட்டுக்கிடையின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தி 'சும்மா இரு' என்று அதட்டுவது பயிற்சி ஆகாது. கிடை கண்ணுக்குத் தெரியும், ஆனால் நாய் இன்னும் உங்கள் கையில் உள்ள தீனியை வாங்கித் தின்னும் தூரம் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். அது நூறு மீட்டராக இருந்தாலும் சரி. நாயின் முகத்தையே கவனியுங்கள். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென வாயை மூடும், மூச்சு அடங்கும், காது மேலேறிக் குவியும், வால் அசையாமல் நிற்கும், சில நாய்கள் ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளும். உற்று நோக்கல் துரத்தலாக மாறுவதற்கு முந்தைய நொடி அது. நாய் ஆட்டைப் பார்க்கிறது, ஆனால் வாய் இன்னும் மூடவில்லை என்னும் நிலையில் 'சரி' என்று சொல்லித் தீனி கொடுக்க வேண்டும். சில நாட்களில் நாய் ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் பக்கம் திரும்பும். அந்தத் திரும்புதலைத்தான் நாம் வளர்க்கிறோம். வாயை மூடிவிட்டதென்றால் நாம் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள். பேசாமல் பின்வாங்க வேண்டும்.

கோழிக்கு இதையே பஞ்சாரம் என்னும் கூடையில் அடைத்துச் செய்யலாம். ஆனால் அந்தக் கோழியும் ஓர் உயிர். நாயைக் கண்டு படபடக்கும் கோழியை மணிக்கணக்கில் அடைத்து வைப்பது கொடுமை, சிறகடிப்பு நாயின் வெறியையும் ஏற்றும். ஐந்து நிமிடம் போதும். பிற்பகல் வெயிலில் குளித்துக்கொண்டு சும்மா கிடக்கும் கோழிகளைத் தூரத்திலிருந்து காட்டுவது இன்னும் நல்லது. கிடை போடும் ஆட்டுக்காரர்களான கீதாரிகளிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே கிடைப்பக்கம் போங்கள். சினை ஆடுகளும் இளங்குட்டிகளும் இருக்கும் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

எவ்வளவு பழக்கினாலும் ஓர் எல்லை உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முயலைப் பலமுறை பிடித்துச் சுவை கண்ட நாய், கயிறு இல்லாத வெளியில் எதிரே முயல் குதித்தோடும்போது உங்கள் விசிலுக்குத் திரும்பும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. அத்தகைய நாய்க்கு வாழ்நாள் முழுதும் கயிறும் வேலியும் வேண்டும். பூனை உள்ள வீட்டில் அதைத் தனியே விட முடியாது. இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். கயிற்றோடு காலையில் ஒரு மணி நேரம் நடந்து, வேலிக்குள் நாள்தோறும் ஓடி, மாலையில் திண்ணையில் படுத்துறங்கும் கன்னிக்கு எந்தக் குறையும் இல்லை.

வேறு வீட்டில் சேர்ப்பது என்ற முடிவுக்கு வருபவர்கள் முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இரவோடு இரவாக வண்டியில் ஏற்றி மலையடிவாரத்திலோ கண்மாய்க்கரையிலோ விட்டுவிட்டு வருவது நாய்க்கும், அங்குள்ள காட்டுயிர்களுக்கும், அந்த ஊர் ஆட்டுக்காரருக்கும் ஒருசேர இழைக்கும் தீங்கு. பசியோடு விடப்பட்ட வேட்டை நாய் வேட்டையாடித்தான் பிழைக்கும். சில நாட்களில் சுருக்குக் கண்ணியிலோ, பன்றிக்காகக் கள்ளத்தனமாக வைத்த மின்வேலியிலோ, விஷத்திலோ மாட்டிச் சாகும்.

'அண்ணே, தோப்புக்குக் கொண்டுபோயிருவோம், அவுத்து விட்டா அதுபாட்டுக்குத் திரியும்' என்று யாராவது கேட்டு வரும்போது பெரும்பாலோருக்கு நிம்மதி உண்டாகிறது. எனக்கு அதைக் கேட்டாலே கவலைதான். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துத் தோப்பு என்றால் பக்கத்துத் தோட்டத்தில் நாட்டுக்கோழி இருக்கும், வெள்ளாட்டுக்குட்டி இருக்கும், மயில் வரும், சுற்றுச்சுவர் இல்லாத பாசனக் கிணறும் இருக்கும். முயலின் பின்னால் முழு வேகத்தில் போகும் நாய்க்குக் கிணற்று விளிம்பு தெரியாது. ஊர்ப்புறத்தில் ஒரு கோழி செத்தால் அதன் விலையோடு சண்டை முடிந்துவிடுவதில்லை. இரண்டாவது கோழிக்கு நாய்க்கு மருந்து வைத்துவிடுவார்கள். கவனக்குறைவாக விட்ட நாயால் மனிதருக்குக் காயம் நேரக்கூடிய நிலை உண்டானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே பரந்த நிலத்தைவிட ஆறடி உயரச் சுவரும், அடியில் இடைவெளி இல்லாத கதவும், நாள்தோறும் நடத்திக் கூட்டிப்போக மனமுள்ள ஒருவரும் இருக்கும் வீடே இந்த நாய்க்கு மேலானது. நகர வீடானாலும் தாழ்வில்லை.

கொடுப்பதற்கு முன் நாயைப் பற்றி ஒரு தாளில் உண்மையை எழுதுங்கள். வயது, தடுப்பூசி விவரம், உணவு ஆகியவற்றோடு, எதைத் துரத்தியிருக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது, எதைக் கொன்றிருக்கிறது, எவ்வளவு தூரத்தில் பார்த்தால் நிதானம் இழக்கிறது, பூனையிடம் எப்படி, ஓடும் சிறு பிள்ளைகளிடம் எப்படி, இரு சக்கர வாகனத்தின் பின் ஓடுமா, தனியே இருந்தால் குரைக்குமா, எத்தனை அடிச் சுவரைத் தாண்டியிருக்கிறது என்பவை அனைத்தும் இடம்பெற வேண்டும். கோழியைக் கொன்றதை மறைத்துக் கொடுத்தால் வாங்கியவர் முதல் வாரத்திலேயே கோழி இருக்கும் முற்றத்தில் அவிழ்த்துவிடுவார். அதன் பின் அந்த நாய் மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் போய்க்கொண்டே இருக்கும். உண்மையைக் கேட்டுப் பின்வாங்குபவர் பின்வாங்கட்டும்.

மருத்துவ வேலைகளையும் நீங்களே முடித்துக் கொடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை, கருத்தடை ஆகியவை குறைந்தபட்சம். அறுவைக்கு முன் மருத்துவரிடம் இது ஓட்டநாய் வகை என்று சொல்லுங்கள். உடலில் கொழுப்பே இல்லாத கிரேஹவுண்ட் போன்ற நாய்களுக்குத் தயோபென்டோன் வகை மயக்க மருந்து தெளிய நெடுநேரம் பிடிக்கும் என்பது அறியப்பட்ட செய்தி; கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் அதே எச்சரிக்கையோடு வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்பதில் தவறில்லை. தோலின் கீழ் மைக்ரோசிப் என்னும் சிறு அடையாளச் சில்லைப் பொருத்த வசதி கிடைத்தால் பொருத்திவிடுங்கள்.

கேட்டு வருபவரிடம் நிறையக் கேளுங்கள். வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார், அண்டை வீட்டில் கோழி, புறா, பூனை உண்டா, இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது, வாடகை வீடானால் உரிமையாளர் சம்மதித்தாரா என்பவை கட்டாயக் கேள்விகள். முதல் கேள்வியாகவே 'முயல் பிடிக்குமா' என்று கேட்பவருக்கும், குட்டி எடுப்பதற்காகப் பெட்டை தேடுபவருக்கும் கொடுக்காதீர்கள். வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். சுவரின் உயரத்தோடு, தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டை, மாடிப்படி என்று ஏறித் தாண்ட உதவும் எதுவும் சுவரோரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாயை விலைக்கு விற்பதை நான் விரும்புவதில்லை. ஆனால் தடுப்பூசி, கருத்தடைச் செலவில் ஒரு பங்கை ஏற்கச் சொல்வது நியாயம்தான், அதற்குக்கூடத் தயங்குபவர் நாளை மருத்துவச் செலவுக்கும் தயங்குவார். ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலை இணைத்து, வேட்டைக்குப் பயன்படுத்துவதில்லை, மூன்றாம் நபருக்குக் கொடுப்பதில்லை, வைத்துக்கொள்ள இயலாவிட்டால் திரும்ப ஒப்படைப்பது என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். குட்டிகளாக இருந்தால் எட்டு வாரம் நிறையும் முன் விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. இலவசமாகக் கொடுத்தாலும் அதே வயதுவரை தாயோடு இருக்கட்டும்.

ஒப்படைக்கும் நாள் தீபாவளி, பொங்கல், ஊர்த் திருவிழா ஆகியவற்றின் அருகில் வேண்டாம். வேட்டுச் சத்தத்தில் புது இடத்து நாய் சுவரேறி ஓடிவிடும். காலையில் கொண்டுபோய், அது படுத்த பழைய சாக்கைத் துவைக்காமல் உடன் கொடுத்து, பழகிய உணவையே சில நாள் வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பது இயல்பு. முதல் சில வாரங்கள் வீட்டு முற்றத்திலும் கயிற்றோடுதான் இருக்க வேண்டும், வெளிக்கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாய் உள்ளறையில் இருக்க வேண்டும். உங்கள் விசிலையே புது வீட்டாரிடம் கொடுத்து, நாயின் முன்னிலையில் அவர்களையே விசில் அடிக்கச் செய்து, தீனியையும் அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். தப்பி ஓடினால் பின்னால் ஓடக் கூடாது, ஓடினால் இன்னும் விரையும். தரையில் உட்கார்ந்து விசில் அடித்து, அதன் சாக்கைத் தப்பிய இடத்திலேயே போட்டுவைத்து, உடனே உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நாய் தடுப்பூசி போட்டதாக இருந்தாலும் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

முதல் வாரத்தில் நாள்தோறும், பிறகு வாரம் ஒருமுறை பேசி, இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். எடை குறைந்திருக்கிறதா, கழுத்தில் சங்கிலித் தழும்பு இருக்கிறதா, வீட்டார் அழைத்தால் வாலாட்டிக்கொண்டு போகிறதா என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒத்துவரவில்லை என்று அவர்கள் சொன்னால் காரணம் கேட்டுச் சண்டையிடாமல் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்; அந்த வீட்டில் அது எதைத் துரத்தியது, எந்த இடத்தில் சுவரைத் தாண்டியது, எந்த நேரத்தில் அமைதியாக இருந்தது என்பதையெல்லாம் கேட்டு, நாயைப் பற்றிய உண்மைகளை எழுதிவைத்த தாளில் சேர்த்து எழுதிய பிறகே அடுத்த வீட்டாரிடம் நாயைக் காட்டுங்கள்.